ஒத்தெல்லோ, கிளாடியோ, லியான்டீஸ்: மூன்று சந்தேகங்களில் எது மன்னிக்கத் தகாதது?

ஷேக்ஸ்பியர் ஒரே கதையை மூன்று முறை எழுதியிருக்கிறார். குற்றமற்ற பெண்ணொருத்தி வேறொருவனோடு கூடினாள் என்று அவளுடைய கணவனோ, மணக்கவிருப்பவனோ நம்பிவிடுகிறான். அந்த நம்பிக்கை அவளைச் சாவு வரைக்கும் கொண்டுபோகிறது. 'மச் அடூ அபவுட் நத்திங்' 1600-இல் அச்சேறியது. 'ஒத்தெல்லோ' 1604 நவம்பரில் லண்டன் அரண்மனையில் நடிக்கப்பட்டது. 'தி வின்டர்ஸ் டேல்' 1611 மே மாதம் குளோப் அரங்கில் நடந்ததை சைமன் ஃபோர்மன் என்ற சோதிடர் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார். முதலாவது இன்பியல், இரண்டாவது துன்பியல், மூன்றாவது இரண்டுக்கும் நடுவில் நிற்பது.

நாடகத்தின் வகையே தீர்ப்பையும் எழுதிவிடுகிறது என்பதுதான் சிக்கல். மனைவியைக் கொன்ற ஒத்தெல்லோவுக்கு அழுகிறோம். லியான்டீஸ் மன்னனைப் பைத்தியக்காரன் என்று ஒதுக்குகிறோம். கிளாடியோவை யாரும் விசாரிப்பதே இல்லை. கடைசிக் காட்சியில் திருமணம் நடந்துவிடுவதால் அவன் தப்பித்துக்கொள்கிறான். மூவரையும் அருகருகே நிறுத்தினால் எனக்குக் கிடைக்கும் வரிசை வேறு.

ஏமாற்றியவனின் கைத்திறனை வைத்துப் பார்த்தால் ஒத்தெல்லோவுக்கே சலுகை அதிகம். அவனுடைய படையில் கீழ்நிலை அதிகாரியான இயாகோ நேரடியாகக் குற்றம் சாட்டித் தொடங்குவதில்லை. ஒத்தெல்லோ கேட்கும் கேள்வியையே திருப்பிக் கேட்கிறான், பாதியில் நிறுத்துகிறான், சொல்லத் தயங்குகிறவன்போல நடிக்கிறான். மிச்சத்தை ஒத்தெல்லோவே நிரப்பிக்கொள்கிறான். ஒத்தெல்லோவின் மனைவி டெஸ்டிமோனாவின் தந்தை முன்பு வீசிப்போன எச்சரிக்கை ஒன்றும் இயாகோவுக்குக் கைகொடுக்கிறது: தகப்பனை ஏமாற்றியவள் உன்னையும் ஏமாற்றலாம். ஒத்தெல்லோவுக்காக வீட்டை விட்டு வந்த காதலே அவளுக்கு எதிரான சாட்சியாக மாறுகிறது. இவ்வளவு நுட்பமான வஞ்சகம் மற்ற இரண்டு நாடகங்களிலும் கிடையாது.

இருந்தும் ஒத்தெல்லோ கண்ணால் பார்த்தது என்ன? தான் பரிசளித்த கைக்குட்டை வேறொருத்தி கையில் இருந்தது, அவ்வளவே. டெஸ்டிமோனாவோடு சேர்த்துப் பேசப்படும் துணைத்தளபதி காசியோ தூக்கத்தில் உளறினான் என்பது இயாகோ சொன்ன கதை. டெஸ்டிமோனாவின் பணிப்பெண் எமிலியாவிடம் ஒத்தெல்லோ விசாரிக்கத்தான் செய்கிறான். அவள் தன் ஆன்மாவையே பந்தயம் வைத்து டெஸ்டிமோனா தூயவள் என்கிறாள். அதை அவன் ஒரு பணிப்பெண்ணின் பேச்சு என்று தள்ளிவிடுகிறான். கூடவே போரிட்ட ஆணின் சொல்லுக்கும் வீட்டுப் பெண்ணின் சொல்லுக்கும் ஒரே எடை இருந்திருந்தால் அன்றைக்கே நாடகம் முடிந்திருக்கும். இயாகோவின் திறமையைப் புகழ்ந்துகொண்டே இருப்பவர்கள் இந்தக் காட்சியை இன்னொரு முறை படிப்பது நல்லது.

கிளாடியோவின் கதை மெசினா நகரில் நடக்கிறது. அங்கே ஹீரோ என்பது மணப்பெண்ணின் பெயர். இளவரசன் டான் பெட்ரோவின் சகோதரன் டான் ஜானின் ஆள் போராச்சியோ, இரவில் ஹீரோவின் அறைச் சன்னலில் அவளுடைய தோழி மார்கரெட்டை நிற்க வைத்து, ஹீரோ என்ற பெயரிலேயே அவளோடு கொஞ்சுகிறான். கிளாடியோ தொலைவிலிருந்து அதைப் பார்க்கிறான். கண்ணால் கண்டான் என்பதால் மூவரில் இவன் கையில்தான் சாட்சியம் கொஞ்சமாவது கனமானது. அவனுக்காக வாதாடுவோர் இங்கேதான் நிற்பார்கள்.

ஆனால் இதே டான் ஜானிடம் அவன் ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்திருக்கிறான். முகமூடி விருந்தில், இளவரசன் டான் பெட்ரோ ஹீரோவைத் தனக்காகவே கேட்கிறான் என்று டான் ஜான் கிளப்பிவிட, கிளாடியோ அதை உடனே நம்பினான். பொய் அன்றைக்கே வெளுத்தது. பிறகும் அதே வாயிலிருந்து வந்த இரண்டாவது பொய்யை நம்புகிறான். அதைவிட மோசம், சன்னலைப் பார்க்கும் முன்பே தண்டனையை முடிவுசெய்துவிடுகிறான்: தவறாக ஏதாவது கண்டால், நாளை மணமேடையில் எல்லார் முன்னிலையிலும் அவளை அவமானப்படுத்துவேன். அப்படியே செய்கிறான். அழுகிய ஆரஞ்சுப் பழம் என்று சொல்லி அவளைத் தகப்பனிடமே திருப்பித் தருகிறான். டெஸ்டிமோனாவைக் கொல்லும் முன் ஒத்தெல்லோ, தான் அணைக்கப்போகும் விளக்கின் முன் நின்று நடுங்குகிறான். கிளாடியோவிடம் அந்த நடுக்கம்கூட இல்லை. இத்தனைக்கும் ஹீரோவை அவன் நேரில் நின்று காதலித்ததே அரிது. அவளுடைய தகப்பன் லியோனாட்டோவுக்கு மகன் உண்டா என்று முதலில் விசாரித்தான், ஒரே வாரிசு ஹீரோதான் என்று தெரிந்துகொண்டான், அவளைக் கேட்கும் வேலையை இளவரசனிடம் விட்டுவிட்டான்.

லியான்டீஸின் கதையில் வஞ்சகனே இல்லை. ஒன்பது மாதம் விருந்தாளியாக இருந்த நண்பன் பொலிக்சினீஸை இன்னும் சில நாள் தங்கச் சொல்லுமாறு மனைவி ஹெர்மயோனியிடம் அவனே கேட்கிறான். அவள் சொல்கிறாள், நண்பன் இசைகிறான்; அந்தக் கணத்திலேயே சந்தேகம் பற்றிக்கொள்கிறது. ஷேக்ஸ்பியருக்கு மூலமான ராபர்ட் கிரீனின் 1588-ஆம் ஆண்டுக் கதையில் மன்னனுக்கு ஏதோ சாக்காவது உண்டு: அரசி விருந்தாளியின் படுக்கையறை வரை போய் வசதி பார்ப்பாள். ஷேக்ஸ்பியர் அதை நீக்கிவிட்டார். காளிதாசர் செய்ததற்கு இது நேர் எதிர். மகாபாரதத்தில் எல்லாம் நினைவிருந்தும் தெரியாதவன்போல நடிக்கும் துஷ்யந்தனுக்கு, நாடகத்தில் துர்வாசரின் சாபத்தையும் தொலைந்த மோதிரத்தையும் கொடுத்துக் காப்பாற்றினார் அவர். லியான்டீஸுக்கு அப்படி ஒளிந்துகொள்ள இடமில்லை. அமைச்சர்கள் மறுக்கிறார்கள், அவன் கேட்பதில்லை. அரசி குற்றமற்றவள் என்று டெல்ஃபி கோயிலிலிருந்து தெய்வவாக்கு வருகிறது. அதையும் பொய் என்கிறான். உடனே மகன் மாமிலியஸ் இறந்த செய்தி வர, ஹெர்மயோனி மயங்கி விழுகிறாள்.

சாட்சியத்தை மட்டும் அளந்தால் லியான்டீஸே கடைசி இடத்துக்குப் போவான். செயலை அளந்தால் ஒத்தெல்லோ. எனக்கு இரண்டு அளவுகோலும் போதவில்லை. உண்மை தெரிந்த பிறகு அந்த மனிதன் என்ன ஆகிறான் என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

ஒத்தெல்லோ தன்னைத்தானே குத்திக்கொண்டு சாகிறான். சாகும் முன் பேசும் பேச்சில், அளவுக்கு மீறி நேசித்தவன் என்று தனக்கே ஒரு நற்சான்று எழுதிக்கொள்கிறான். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் விலையைக் கொடுத்துவிட்டான். லியான்டீஸ் எந்தச் சமாதானமும் சொல்வதில்லை. அரசி இறந்துவிட்டாள் என்று அவளுடைய தோழி பவுலினா சொன்னதை நம்பிப் பதினாறு வருடம் துக்கம் காக்கிறான். பவுலினா வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவன் செய்ததைக் குத்திக்காட்டுகிறாள், அவன் தலைகுனிந்து ஏற்கிறான். இந்தப் பவுலினா சொன்னதும் பொய்தான். மூன்று நாடகங்களிலும் மிக நீண்ட பொய் அவளுடையது. அது அரசியின் உயிரைக் காத்தது. கடைசியில் சிலையென்று காட்டப்படும் ஹெர்மயோனி உயிரோடு இறங்கி வந்து கணவனைத் தழுவுகிறாள். ஆனால் அவள் பேசுவது மகள் பெர்டிட்டாவிடம் மட்டும். கணவனிடம் ஒரு சொல்லும் இல்லை. மாமிலியஸும் திரும்பி வரவில்லை. மன்னிப்பு கிடைத்தது, முழுசாகக் கிடைக்கவில்லை, நேர்மையான கணக்கு.

கிளாடியோ? ஹீரோவை ஒளித்துவைத்துவிட்டு, அவள் இறந்துவிட்டாள் என்று அவளுடைய தகப்பனே முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போகிறார். அடுத்து நண்பன் பெனடிக் வர, கிளாடியோ அவனைச் சீண்டி நகைக்க ஆரம்பிக்கிறான். பெனடிக் சண்டைக்கு அழைத்த பிறகும் கேலி ஓயவில்லை. சூழ்ச்சி அம்பலமானதும் வருந்துகிறான், உண்மைதான். ஆனால் தவறாகப் புரிந்துகொண்டதைத் தவிர வேறு பாவம் செய்யவில்லை என்று ஒரு பின்வாசலையும் திறந்து வைத்துக்கொள்கிறான். ஒரே ஓர் இரவு கல்லறையில் பாட்டும் இரங்கற்பாவும். மறுநாள் காலை, முகம் தெரியாத வேறு பெண்ணை மணக்கத் தயார். முக்காடு விலகி ஹீரோ நிற்கும்போது, இன்னொரு ஹீரோ என்று வியக்கிறான். பழி உயிரோடிருந்த வரைதான் அவள் இறந்திருந்தாள் என்று விளக்குகிறவர் அவளுடைய தகப்பன். அவனிடமிருந்து அவளுக்கு ஒரு மன்னிப்புக் கோரலும் இல்லை. நாடகத்தில் அவன் பேசும் கடைசிப் பேச்சும் அவளை நோக்கியதன்று. திருமணத்துக்குப் பின் பெனடிக் மனைவிக்குத் துரோகம் செய்வான், அவனை மணக்கும் பியாட்ரிஸ் கண்கொத்திப் பாம்பாக இருந்தால்தான் உண்டு என்று நண்பனைக் கேலி செய்கிறான். ஹீரோ பக்கத்திலேயே நிற்கிறாள்.