என்விடிஏ திரைவாசிப்பான்: ஒரு தமிழாசிரியரின் மதிப்புரை

அரசுப் பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. வினாத்தாள் தயாரிப்பது முதல் செய்தி படிப்பது வரை கணினியில் நான் செய்கிற வேலை எல்லாம் என்விடிஏ என்ற திரைவாசிப்பானின் துணையோடுதான் நடக்கிறது. விண்டோஸில் இயங்கும் மென்பொருள் இது. திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கிச் சொல்லும். புதிதாகக் கணினி பழகும் பார்வையற்ற நண்பர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனாலும் பார்வையுள்ளவர்கள் கடைசிவரை படித்தால் இன்னும் சந்தோஷப்படுவேன்.

முதலில் விலை. காசு எதுவும் கட்ட வேண்டாம். பதிவிறக்கினால் போதும், முழு மென்பொருளும் நம்முடையது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்பவர் 2006இல் இதை எழுதத் தொடங்கினார். பிறகு ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருக்குமே பார்வை கிடையாது. பார்வையற்ற பிள்ளைகளுக்கான ஓர் இசை முகாமில் சிறு வயதில் பழக்கமானவர்கள். அப்போது சந்தையில் இருந்த ஜாஸ் போன்ற திரைவாசிப்பான்களின் விலையில் ஒரு கணினியே வாங்கிவிடலாம். பார்வையுள்ளவர் கணினி வாங்கியதும் திரையைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார், பார்வையற்றவர் மட்டும் அதே திரைக்கு இரண்டாம் முறை ஏன் காசு கட்ட வேண்டும்? இந்தக் கேள்வியில் பிறந்ததுதான் என்விடிஏ. மூல நிரலும் திறந்தே இருப்பதால் உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் தங்கள் மொழிக்கு இதை மாற்றியிருக்கிறார்கள். மெனுக்களும் பயனர் கையேடும் தமிழில் கிடைப்பது அப்படித்தான்.

எனக்கு மிகவும் பிடித்த வசதி, இதைப் பென் டிரைவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம் என்பது. பள்ளி ஹைடெக் லேபிலோ பிரவுசிங் சென்டரிலோ செருகி, அதிலிருந்தே இயக்கினால் அந்தக் கணினி பேசத் தொடங்கிவிடும். எதையும் நிறுவ வேண்டாம், யாரிடமும் கடவுச்சொல் கேட்டு நிற்க வேண்டாம். வேலை முடிந்ததும் பிடுங்கிக்கொண்டு கிளம்பலாம்.

குரலுக்கு வருவோம். இதோடு சேர்ந்தே வருவது இஸ்பீக் என்ற குரல். தமிழும் பேசும். முதன்முறை கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள், தகரத்தைத் தட்டுகிற மாதிரி இருக்கும். இனிமையான குரல் வேண்டுமென்றால் விண்டோஸ் அமைப்புகளில் தமிழ் மொழியைச் சேர்த்து, வள்ளுவர் என்ற குரலை இறக்கிக்கொள்ளலாம். இன்சர்ட், கன்ட்ரோல், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எந்தக் குரல் வேண்டும் என்று மாற்றிக்கொள்ளலாம். நான் நீண்ட கட்டுரைகளை வள்ளுவரில் கேட்கிறேன். வேலை செய்யும்போது இஸ்பீக்தான். விசையை அழுத்தியதும் சட்டென்று பதில் சொல்லும், வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. பழகப் பழகக் காது அந்த வேகத்துக்கு வந்துவிடும், அவசரப்பட்டுக் குரலைக் கைவிட வேண்டாம்.

இணையப் பக்கத்தில் ஹெச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குப் போகும். இன்சர்ட்டோடு கீழ் அம்புக்குறியை அழுத்தினால் தொடர்ந்து படிக்கும். கன்ட்ரோல் தட்டினால் நிறுத்திவிடும். இவ்வளவு தெரிந்தாலே செய்தித்தளம் படிக்கலாம்.

படிக்கிற காலத்தில் எனக்கு வாசித்துக் காட்டியது என் அக்கா, கல்லூரியில் நண்பர்கள். கேசட்டில் பதிந்து கொடுத்தவர்களும் உண்டு. அவர்களுக்கெல்லாம் என் நன்றி என்றும் உண்டு. ஆனால் மனிதர் ஒருவர் மெனக்கெட்டு உட்கார்ந்து படிக்கும்போது, "அந்த வரியை இன்னொரு தடவை" என்று நாலாவது முறை கேட்க மனம் வராது. நன்றாக இல்லாத கட்டுரையைப் பாதியில் நிறுத்தச் சொல்லவும் வராது. பிடிக்காததைத் தூக்கிப் போடுவதும், பிடித்ததையே திரும்பத் திரும்பப் படிப்பதும் வாசகனின் உரிமை. அந்த உரிமை எனக்கு என்விடிஏ வந்த பிறகுதான் கிடைத்தது. வங்கிக் கணக்கு விவரம், மருத்துவ அறிக்கை, எனக்கு மட்டும் என்று வந்த கடிதம் எல்லாவற்றையும் இப்போது நானே படிக்கிறேன்.

மதுரைத் திட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1998 பொங்கலன்று தொடங்கியது. தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். பிரெயிலில் கிடைக்காத சங்க நூல்களை நான் முழுதாகப் படித்தது அங்கேதான். சீர் பிரித்த பாடல்களை என்விடிஏ படிக்கும்போது சொற்கள் பாதியில் முறியும், பொருள் சட்டென்று பிடிபடாது. ஆனால் யாப்பு நடத்தும் நாளில் அதுவே எனக்கு வசதி. சீர் எங்கே முடிகிறது என்று குரலே நிறுத்திக் காட்டிவிடுகிறது, மாணவர்கள் அலகிட்டுக்கொண்டே வருவார்கள்.

இனிக் குறைகள். தமிழைப் பொறுத்தவரை என்விடிஏ எழுத்தை மட்டும்தான் படிக்கும். ஒருங்குறியில், அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் முறையில் இருந்தால் அது எழுத்து. பாமினி எழுத்துருவில் தட்டிய தமிழ் உங்கள் கண்ணுக்குத்தான் தமிழ், கணினிக்கு அது ஆங்கில எழுத்துகளின் வரிசை. 'தமிழ்' என்று நீங்கள் அச்சடித்திருப்பது எங்களுக்கு 'ஜே கே பி ஓ அரைப்புள்ளி'. ஒரு முழு வினாத்தாளை இப்படிக் கேட்டுப் பாருங்கள். 2010இலேயே தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றுவிட்டது. இன்றும் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பழைய எழுத்துருக்கள் புழங்குகின்றன. இதைவிட மோசம் படங்கள். ஓர் அலுவலகத்திலிருந்து எங்களுக்கு வரும் சுற்றறிக்கைகள் எல்லாமே ஸ்கேன் செய்த காகிதங்கள். வாட்ஸாப்பில் வரும் கல்யாணப் பத்திரிகை, இரங்கல் செய்தி எல்லாம் படம்தான். ஊரில் ஒருவர் இறந்த செய்தி குழுவில் கிடக்கும், எனக்கு மட்டும் மறுநாள் யாராவது சொல்லித் தெரியவரும். இதில் மென்பொருளைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆசிரியனாக எனக்கு இன்னொரு கவலை உண்டு. பள்ளியிலேயே திரைவாசிப்பானுக்குப் போய்விடும் பிள்ளைகள் எழுத்துப்பிழை நிறையச் செய்கிறார்கள். னகரமும் நகரமும் காதுக்கு ஒன்றுதான். ரகர றகரம் பலருக்கும் அப்படித்தான். ஒவ்வோர் எழுத்தாக அம்புக்குறியை நகர்த்திக் கேட்டால் வேறுபாடு தெரியும். ஆனால் வேகமாகக் கேட்டுப் பழகியவர் அப்படி நின்று கேட்பதில்லை. 1951இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வந்த பாரதி பிரெயிலை விரலால் தடவிப் படித்த தலைமுறை நாங்கள். எங்களுக்கு 'மரம்' வேறு, 'மறம்' வேறு என்பதை விரலே சொல்லிக் கொடுத்தது. பிள்ளைகளுக்கு முதலில் பிரெயில் கற்றுக்கொடுங்கள், அப்புறம் என்விடிஏ கொடுங்கள். திரையில் உள்ளதைப் பிரெயில் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும், கணினியோடு இணைக்கும் பிரெயில் திரைகளையும் என்விடிஏ ஆதரிக்கிறது, ஆனால் அவை விற்கிற விலைக்கு அரசு உதவினால்தான் உண்டு.

பார்வையுள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழில் ஏதாவது அனுப்பும் முன், அந்தக் கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் அப்படியே அனுப்புங்கள். ஆங்கில எழுத்தாக வந்தாலோ, நகலெடுக்கவே முடியாவிட்டாலோ, கூடவே நாலு வரி ஒருங்குறியில் தட்டிவிடுங்கள். பத்திரிகையைப் படமாகவே அனுப்புங்கள், தேதி, இடம், நேரம் மட்டும் கீழே எழுத்தில் இருக்கட்டும். நாங்களும் கல்யாணத்துக்கு வந்துவிடுவோம்.