எட்டு போட்டுவிட்டேன், வளைவுதான் வரவில்லை

எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம் ஆகியும், யூ-டர்ன் என்றால் எனக்குக் கை வியர்க்கும். அதற்காகவே வேலூரில் இரண்டு நாள் பைக் பயிற்சிக்குப் போனேன். கட்டணம் 3,000 ரூபாய்.

முதல் நாள் காலை முழுக்க யூ-டர்ன்தான். பாதி கிளட்ச், பின் பிரேக்கில் லேசாகக் கால், முன் பிரேக்கைத் தொடவே கூடாது. நான் அடையாளத்துக்கு வைத்திருந்த கூம்பையே பார்த்துக்கொண்டு போய் அதையே இடித்தேன். "அக்கா, அதைப் பார்க்காதீங்க, போக வேண்டிய இடத்துக்குத் தலையைத் திருப்புங்க" என்றார் பயிற்சி தந்த பெண். தாடை தோள்மேல் படும் அளவுக்குத் திருப்பினேன். வண்டி தானாகவே அந்தப் பக்கம் திரும்பி வந்தது. அந்த ஒரு நொடிக்கே கொடுத்த காசு தகும்.

மறுநாள் வேகமான வளைவு. வளைவுக்கு முன்பே பிரேக், கியர் எல்லாம் முடித்துவிட வேண்டும். 40 கி.மீ. வேகத்தில் வலது கைப்பிடியை மெல்ல முன்னால் தள்ளினால் வண்டி வலப்பக்கமே சாய்கிறது. செய்து பார்க்கும்வரை நான் நம்பவில்லை.

குறையும் உண்டு. மைதானத்தின் ஒரு ஓரம் முழுக்க ஜல்லி; கூட வந்த ஒரு தங்கை அதில் வழுக்கி விழுந்தாள். முழங்கால் கவசம்கூடத் தரவில்லை. இதை அவர்கள் கட்டாயம் சரிசெய்ய வேண்டும். நீங்கள் போனால் சொந்தக் கவசத்தோடு போங்கள்.

அப்புறம் போன ஞாயிறு ஏலகிரி ஏறினேன், 14 கொண்டை ஊசி வளைவுகள். இடப்பக்க வளைவுகள்தான் குறுகல். இரண்டாம் கியரில், ஹாரன் அடித்து, கால் ஊன்றாமல் மேலே போய்ச் சேர்ந்தேன்.