பிசிஎஸ்எக்ஸ்2: இன்டர்லேஸ் உதறலை எவ்வளவு தூரம் அடக்குகிறது?

பிளேஸ்டேஷன் 2-இன் கிராஃபிக்ஸ் சிப்பில் இருந்த மெமரி 4 எம்பிதான். 640×448 அளவில், 32 பிட் நிறத்தில் ஒரு ஃபிரேமுக்கே 1.1 எம்பி போய்விடும். இரண்டு ஃபிரேம், ஒரு இசட் பஃபர் (எது முன்னே, எது பின்னே என்ற ஆழக் கணக்கு) என்று ஒதுக்கினால் டெக்ஸ்ச்சருக்கு, அதாவது பொருள்களின் மேல் ஒட்டும் படங்களுக்கு, முக்கால் எம்பிகூடத் தேறாது. டிவியோ ஒற்றை வரிகளையும் இரட்டை வரிகளையும் மாறி மாறித்தான் காட்டும்; இந்த முறைதான் இன்டர்லேஸ், ஒவ்வொரு பாதியும் ஒரு ஃபீல்டு. அதனால் பல கேம்கள் ஒவ்வொரு ஃபீல்டிலும் 224 வரி மட்டும் வரைந்து, அடுத்த ஃபீல்டில் படத்தை அரை வரி தள்ளின. பழைய குண்டு டிவியில் இது உறுத்தவில்லை. எல்சிடியில் மெனு எழுத்துகள் மேலும் கீழும் உதறுகின்றன. ரெசல்யூஷனை மூன்று மடங்கு ஏற்றினாலும் உதறல் போகாது.

பிளேஸ்டேஷன் 2 கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் எமுலேட்டர் பிசிஎஸ்எக்ஸ்2. அதன் 2.0 பதிப்பில் கிராஃபிக்ஸ் செட்டிங்கின் டிஸ்பிளே பகுதியில், ஃபீல்டுகளை முழுப் படமாக்கும் டீஇன்டர்லேசிங் பட்டியல் இருக்கிறது. ஆட்டோமேட்டிக்கையும் டீஇன்டர்லேசிங்கே வேண்டாம் என்பதையும் விட்டால் வீவ், பாப், பிளெண்ட், அடாப்டிவ் என்று நான்கு முறை. விளையாடிக்கொண்டே எஃப்5 அழுத்தி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். வீவ் இரண்டு ஃபீல்டையும் பின்னிக் காட்டும். அசையாத படம் கூர்மை, கேமரா திரும்பினால் ஓரமெல்லாம் சீப்புப் பல். பாப் ஒவ்வொரு ஃபீல்டையும் தனித்தனியாக முழு உயரத்துக்கு இழுத்துக் காட்டும்; அசைவுக்கு நல்லது, ஆனால் மெல்லிய கிடைக்கோடுகள் துடிக்கும். பிளெண்ட் இரண்டையும் கலந்து மங்கலாக்கிவிடும். அதைத் தொடவே வேண்டாம். அடாப்டிவ் அசையும் இடத்தில் பாப் போலவும் மற்ற இடத்தில் வீவ் போலவும் நடந்துகொள்கிறது. நான்கில் உருப்படியானது அதுதான். ஃபீல்டு வரிசை மாறியிருந்தால் மட்டும் படம் முன்னும் பின்னும் குலுங்கும். அப்போது மேல் ஃபீல்டு முதலில் என்பதைக் கீழ் ஃபீல்டு முதலில் என்று மாற்றினால் போதும். மாற்றத்தை அந்த கேமின் ப்ராப்பர்ட்டீஸில் செய்யுங்கள். பொது செட்டிங்கில் கைவைத்தால், ஆட்டோமேட்டிக்கில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மற்ற கேம்களும் கெடும்.

ஆனால் இதெல்லாம் வெளியே வந்த படத்துக்குப் பூசும் மருந்து. உண்மையான தீர்வு நோ-இன்டர்லேசிங் பேட்ச், அதாவது இன்டர்லேஸ் செய்யாதபடி கேமின் கோடையே மாற்றும் சிறு திருத்தம். முழு ஃபிரேமையும் வரைந்துவிட்டு, டிவிக்காக மட்டும் வரி விட்டு வரி அனுப்பிய கேம்களில் இது அபாரம்: எல்லா வரியும் அப்படியே திரைக்கு வரும், கூர்மை சட்டென்று கூடும். அரை உயரத்தில் வரைந்த கேம்களில் கதை வேறு. தள்ளலை மட்டும் நிறுத்தும் பேட்ச் போட்டால் உதறல் நிற்கும், செங்குத்து விவரம் பாதியாகவே இருக்கும். உயரத்தையே கூட்டும் பேட்சில் சில நேரம் நிழலும் ஒளிச்சிதறலும் இடம் மாறி விழும்.

பேட்ச் வேலை செய்யவில்லையா? முதலில் டிஸ்க்கின் சீரியலைப் பாருங்கள். பேட்ச்கள் கேமின் சிஆர்சி எண்ணோடு (கேம் ஃபைலிலிருந்து கணக்கிடும் அடையாள எண்) பொருந்த வேண்டும்; டிஸ்க் பதிப்பு மாறினால் அதுவும் மாறும். அமெரிக்க எஸ்எல்யுஎஸ் டிஸ்க்குக்கு எழுதியது, நம்மூரில் விற்ற எஸ்எல்இஎஸ் டிஸ்க்கில் (ஐரோப்பிய பிஏஎல் டிவி முறைக்கானது) ஏறாது.

பேட்ச் தேடும் முன் கேமிலேயே 480பி, அதாவது இன்டர்லேஸ் இல்லாமல் 480 வரியையும் ஒன்றாகக் காட்டும் தேர்வு, இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. காட் ஆஃப் வாரில் ஆப்ஷன்ஸ் மெனுவிலேயே இருக்கிறது. டெக்கன் 4, சோல்காலிபர் 2 போன்றவற்றில் கேம் தொடங்கும்போதே முக்கோணம், பெருக்கல் பட்டன்களைச் சேர்த்துப் பிடித்தால் கேள்வி வரும். கிரான் டுரிஸ்மோ 4-இல் 1080ஐ என்ற தேர்வும் உண்டு. எண்ணைப் பார்த்து மயங்கி அதைத் தேர்ந்தெடுத்தால் மீண்டும் இன்டர்லேஸுக்கே போவீர்கள். அங்கே 480பி போதும், ரெசல்யூஷனை எமுலேட்டரில் ஏற்றிக்கொள்ளலாம்.