ஒமேகா-3 ஜிலேபி மீன்: ருசி சரி, லேபிள்தான் சரியில்லை

மீன் வாங்கும் ஆப்பில் ‘ஒமேகா-3 செறிவூட்டிய’ ஜிலேபி மீன் (திலாப்பியா) விலை இறங்கியதும் பெங்களூரு ஒயிட்ஃபீல்டு நண்பன் கேட்டுவிட்டான்: “நீதான் ரொம்ப நாளா வாங்குறியே, அம்மாவுக்குக் கொடுக்கலாமாடா? டாக்டர் ஒமேகா-3 சேர்க்கச் சொல்லியிருக்கார்.” அல்சூரில் எங்கள் வீட்டுக்கு இந்தப் பாக்கெட் ஒரு வருஷத்துக்கு மேலாக வருகிறது. இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சேற்று வாடை அறவே இல்லை. அந்த வாடை, குளத்து நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மினால் வருவது. விற்பதற்கு முன் சில நாள் மீனைச் சுத்தமான தண்ணீரில் விட்டுவைத்தால் குறைந்துவிடும். இவர்கள் அதை ஒழுங்காகச் செய்கிறார்கள் போலிருக்கிறது. கடல் மீனைத் தவிர எதையும் தொடாத தூத்துக்குடி மாமியாரே இரண்டாவது துண்டைப் போட்டுக்கொண்டு, “வளர்ப்பு மீன்னு நீங்க சொன்னாத்தான் தெரியுது மாப்பிள்ளை” என்றார். வயிற்றுப் பக்கத் துண்டில் தோலுக்கடியில் மெல்லிசாக ஒரு கொழுப்பு வரி ஓடும். தோசைக்கல்லில் அது உருகி ஓரம் மொறுமொறுவென்று வரும் பாருங்கள், அதற்காகவே வீட்டில் சண்டை.

எரிச்சல் லேபிளில்தான். ‘இருமடங்கு ஒமேகா-3’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எதைவிட இருமடங்கு? 100 கிராமில் எத்தனை மில்லிகிராம்? ஒமேகா-3 கொழுப்பில் எந்த வகை? மூச்சு விடவில்லை. மெயில் மேல் மெயில் போட்டு, கடைசியில் வந்த பதில்: தீவனத்தில் ஆளிவிதை எண்ணெய் சேர்க்கிறோம்.

மீன் தின்னும் கொழுப்பின் சாயல்தான் அதன் சதையிலும் ஏறும். ஆளிவிதை எண்ணெயில் இருப்பது ஏஎல்ஏ என்கிற தாவர வகை ஒமேகா-3. இதயத்துக்காக மீன் சாப்பிடச் சொல்வது இபிஏ, டிஎச்ஏ என்கிற வேறு இரண்டு வகை ஒமேகா-3க்காக. அவை கடல் நுண்பாசியில் உருவாகி, நெத்தலி, மத்தி வழியாக நம் தட்டுக்கு வருகிறவை. ஜிலேபி போன்ற மீன் ஏஎல்ஏவை ஓரளவு டிஎச்ஏவாக மாற்றிக்கொள்ளும். ஆனால் தீவனத்தில் மீன் எண்ணெயோ பாசி எண்ணெயோ கலந்தால் ஏறுகிற அளவு ஏறாது. போதாக்குறைக்கு, ஜிலேபியின் சதையில் கொழுப்பே 100 கிராமுக்கு 2 கிராம் பக்கம்தான். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஒமேகா-3 என்று தாராளமாகவே வைத்தாலும் 400 மில்லிகிராம். அதில் டிஎச்ஏ எவ்வளவு என்பதைத்தான் வாயைத் திறந்து சொல்ல மாட்டேன் என்கிறார்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு இபிஏ, டிஎச்ஏ சேர்ந்து 250 மில்லிகிராம் வேண்டும் என்கிறது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம்.

இவர்களை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. மீன் எண்ணெய் விலை அப்படி. ஸ்காட்லாந்து வளர்ப்பு சால்மனிலேயே, தீவனத்தில் தாவர எண்ணெய் கூடக் கூட, 2006க்கும் 2015க்கும் நடுவில் இபிஏ, டிஎச்ஏ ஏறக்குறைய பாதியாகிவிட்டது. பிடிப்பதற்கு முந்தைய வாரங்களில் மீன் எண்ணெய்த் தீவனம் போட்டு ஓரளவு மீட்கலாம். அப்படிச் செய்கிறவர்கள் அதை லேபிளில் தம்பட்டம் அடிக்காமலா இருப்பார்கள்?

இன்னொன்று. இந்தக் கொழுப்பு காற்று பட்டால் சீக்கிரம் கெடும். பாக்கெட்டைப் பிரித்து மீதியை ஃப்ரீசரில் போட்டு மறந்தால், பழைய பெயிண்ட் டப்பாவைத் திறந்த மாதிரி சிக்கு வாடை. (பெயிண்டிலும் இதே ஆளிவிதை எண்ணெய் உண்டு!) தீவனத்தில் வைட்டமின் ஈ கூட்டினால் இது தள்ளிப்போகும். அதையும் கேட்டு மெயில் போட்டிருக்கிறேன், பதில் இல்லை.

அம்மாவுக்கு என்றால், டேய், சிவாஜிநகர் ரசல் மார்க்கெட்டில் மத்தி வாங்கு. முள்ளுக்குப் பயந்தால் புளி ஊற்றி குக்கரில் நன்றாக வேகவிடு. நான் ஞாயிற்றுக்கிழமைக்கு இந்த ஜிலேபியே ஒரு கிலோ போட்டுவிட்டேன், விலை குறைந்திருக்கிறதே. ஆனால் நட்சத்திரம் இரண்டுதான்; அந்த மில்லிகிராமை அச்சடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்.