எரிசக்திக் கணக்கில் மிச்சம்: விட்டுவைப்பதா, திரும்பக் கேட்பதா?

பிரிட்டனில் கேஸ், மின்சாரத்துக்கு டைரக்ட் டெபிட்டில் (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும் முறையில்) மாதாமாதம் ஒரே தொகை கட்டுபவர்களுக்குக் கோடை முடியும்போது கணக்கில் 100, 200 பவுண்டு மிச்சம் நிற்பது சாதாரணம். ஹீட்டிங் ஓடாத மாதங்களில் கட்டிய பணம் அது. விட்டுவைத்தால் ஜனவரி பில் கையைக் கடிக்காது. ஆனால் பெரும்பாலும் வட்டி கிடையாது.

திரும்பக் கேட்பது உங்கள் உரிமை. நியாயமான காரணமின்றி நிறுவனம் மறுக்க முடியாது என்பது எரிசக்தித் துறையின் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்ஜெம் வைத்திருக்கும் விதி. கேட்பதற்கு முன் மீட்டர் அளவைப் பார்த்து அனுப்பிவிடுங்கள். பில்லில் 'மதிப்பீடு' என்றிருந்தால் அந்த மிச்சமே கற்பனையாக இருக்கலாம்!

நிறுவனம் திவாலானால் பணம் போய்விடுமே என்ற பயத்தில் அவசரப்பட்டு எடுக்க வேண்டியதில்லை. 2021இல் வரிசையாகப் பல நிறுவனங்கள் மூடியபோதும் வீட்டு வாடிக்கையாளர்களின் மிச்சம் காப்பாற்றப்பட்டது.

அக்டோபரில் இரண்டு மாதத் தொகை அளவுக்கு நின்றால் நான் தொடமாட்டேன். குளிர்காலம் கழிந்து ஏப்ரலிலும் அது அப்படியே இருந்தால், கேட்டு வாங்கிக்கொண்டு மாதத் தொகையையும் குறைக்கச் சொல்வேன். குறைக்காவிட்டால் அடுத்த ஆண்டும் இதே கதைதான்.