குழுக் கணக்கு கத்துக்கொடுக்க எது நல்லது: மூணு நாள் கேம்ப்பா, குழுவுக்கே போய் உக்கார்றதா?

1989லயே அரசுத் திட்டத்துல மகளிர் சுய உதவிக் குழு ஆரம்பிச்ச தர்மபுரி பக்கம்தான் நாங்க, இருந்தும் கணக்கு எழுதறதுல இன்னமும் தடுமாறுற குழுக்கள் இருக்கு. அதைச் சரி பண்ண எங்க டிரஸ்ட்ல ரெண்டு வழி பேசினோம். குழுவை முன்னின்னு நடத்துற ஊக்குநர் எல்லாரையும் ஒரே இடத்துல தங்கவெச்சு கேம்ப் நடத்துறது ஒண்ணு, பயிற்றுநரையே மாசாமாசம் குழுக் கூட்டத்துக்கு அனுப்புறது இன்னொண்ணு. நாங்க ரெண்டாவதுக்குத்தான் போனோம், யார் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்.

கேம்ப் சீக்கிரம் முடியும், செலவு முன்னாடியே தெரிஞ்சிடும், மத்த ஊர் குழுக்காரங்களும் பழக்கமாவாங்க. கூட்டம், சேமிப்பு, உள்கடன் (குழுப் பணத்துலேருந்து உறுப்பினருக்குக் குடுக்கற கடன்), தவணை, கணக்குன்னு பஞ்சசூத்ராங்கற அஞ்சு விதியை புதுக் குழுக்களுக்குப் புரியவைக்க அது போதும்.

ஆனா அங்க போடுறதெல்லாம் போர்டுல எழுதிப்போட்ட கணக்கு. நிஜத்துல குழுவுல ஒருத்தங்க கடனுக்கு 1,100 ரூபா கட்டுறாங்க, 1,000 அசல், 100 வட்டி, எழுதுறவங்க முழுசையும் அசல்லயே வரவு வெச்சிடுறாங்க. ரொக்கம் சரியா இருக்கறதால யாருக்கும் சந்தேகம் வராது, ஆனா ஒவ்வொருத்தர் கணக்கும் தனித்தனியா எழுதற தனிநபர் பேரேட்டுல கடன் சீக்கிரமா குறைஞ்சு காட்டும், குழுவோட வட்டி வருமானம் கம்மியா தெரியும். அந்த நோட்டையே பக்கத்துல உக்காந்து புரட்டினாத்தான் பிடிபடும். குழு குறைஞ்சது 6 மாசம் ஒழுங்கா நடந்திருக்கான்னு கடன் குடுக்க பேங்க்ல பாக்கறதும் அந்த நோட்டைத்தானே.

எல்லாத்தையும் விட முக்கியம், எழுதுற ஆள் போயிட்டா என்ன பண்றதுங்கறது. எழுதுறது பெரும்பாலும் படிச்ச சின்னப் பொண்ணுதான், கல்யாணம் ஆகி வெளியூர் போவா, இல்ல திருப்பூர்ல வேலை கெடைச்சிடும், கேம்ப்ல கத்துக்கிட்டதும் அவகூடவே போயிடும், குழு மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிக்கணும். கூட்டத்துலயே சொல்லிக்கொடுத்தா இன்னொருத்தங்களையும் சேத்து உக்காரவெச்சு, ஒரு மாசம் இவங்க, அடுத்த மாசம் அவங்கன்னு மாத்தி எழுதவெக்கலாம். எழுதினதைச் சத்தமா வாசிக்கச் சொன்னதுக்கப்புறம், படிக்கத் தெரியாத ஒரு அக்காவே "ஏம்மா, நான் கட்டுன வட்டி எங்க போச்சு?"ன்னு கேட்டாங்க. அப்படிக் கேக்கற ஆளுங்க இருக்கற குழுவுல யார் எழுதினாலும் தப்பு ரொம்ப நாள் தங்காது.

இதுல நேரம் ஜாஸ்திதான் ஆகும், கூட்டம் சாயங்காலம் நடக்கறதால பயிற்றுநர் திரும்ப பஸ் கெடைக்கறதும் சிரமம். நான் சொல்றது குழு அளவுக்குத்தான், ஒரு ஊராட்சியில இருக்கற குழுக்களெல்லாம் சேர்ந்த ஊராட்சி அளவிலான கூட்டமைப்புல நாங்க வேலை செஞ்சது கம்மி, அங்க புழங்குற தொகைக்கு தனியா ஒரு கணக்காளரே தேவைப்படலாம். ரெண்டுக்கும் காசு இருந்தா மொதல்ல ஒரு நாள் கேம்ப் போடுங்க, அப்புறம் மாசக் கடைசியில ரொக்கப் புத்தகமும் பேங்க் பாஸ்புக்கும் ஒத்துப்போகுதான்னு குழுக்காரங்களே பாக்கற வரைக்கும் கூட உக்காருங்க.