ஏ.ஏ. கூட்டமா, ஸ்மார்ட் ரெக்கவரியா? குடியை நிறுத்த நினைப்பவர் எங்கே போய் உட்காரலாம்

குடியை விட்டுவிடுவது என்று முடிவு செய்து ஆதரவுக் குழுவைத் தேடினால் பெரும்பாலும் இரண்டு பெயர்கள் முன்னால் வந்து நிற்கும். ஒன்று, 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏ.ஏ. இன்னொன்று, 1994-இலிருந்து அந்தப் பெயரில் நடந்துவரும் ஸ்மார்ட் ரெக்கவரி. ஏ.ஏ.வில் கட்டணம் கிடையாது. ஒரு பை சுற்றி வரும், விருப்பப்பட்டவர் போடலாம். ஸ்மார்ட்டிலும் பொதுவாக இலவசம்தான்.

இரண்டுக்கும் முன்னால் ஒரு விஷயம். தினமும் நிறையக் குடித்துவந்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதையொட்டிக் கடும் குழப்பமும் மாயக் காட்சிகளும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை ஏற்கெனவே இருந்தால் முதலில் டாக்டர், அப்புறம்தான் கூட்டம். குழுவில் எத்தனை அனுபவசாலிகள் இருந்தாலும் இந்த வேலையை அவர்களால் செய்ய முடியாது.

சரி, ஏ.ஏ. கூட்டத்தில் என்ன நடக்கும்? ஒருவர் “என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி” என்று தொடங்கித் தன் கதையைச் சொல்வார். யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், அறிவுரையும் சொல்ல மாட்டார்கள். அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று முறை நகரும். புதிதாக வந்தவர் “இன்றைக்குக் கேட்டுக்கொள்கிறேன்” என்று சொன்னால் போதும், அவரை விட்டுவிடுவார்கள். என் பார்வையில் முக்கியமான விஷயம் கூட்டம் கலைந்த பிறகுதான் நடக்கிறது. குடியை நிறுத்திச் சில வருடங்கள் ஆன ஒருவர் பக்கத்தில் வந்து போன் நம்பரை எழுதிக் கொடுத்து, “குடிக்கணும்னு தோணினா, குடிக்கறதுக்கு முன்னாடி கூப்பிடுங்க” என்பார். நாளடைவில் அப்படி ஒருவர் ஸ்பான்சராக, அதாவது வழித்துணையாக அமைந்து, குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளிலும் கூடவே வருவார்.

ஸ்மார்ட்டில் ஸ்பான்சர் கிடையாது, ‘குடிநோயாளி’ என்று சொல்லிக்கொள்ள வேண்டியதும் இல்லை. பயிற்சி பெற்ற ஒருவர் கூட்டத்தை நடத்துவார். அவர் குடித்து மீண்டவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அங்கே ஒருவருக்கொருவர் கேள்வி கேட்கலாம், யோசனை சொல்லலாம். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் (சி.பி.டி.) உத்திகளைப் பயிற்சியாகவே செய்யவைப்பார்கள். உதாரணமாக, ஒரு தாளை நான்கு கட்டங்களாகப் பிரித்து, குடிப்பதால் கிடைப்பது, இழப்பது, நிறுத்தினால் கிடைப்பது, இழப்பது என நான்கையும் எழுதச் சொல்வார்கள். குடியால் தனக்குக் கிடைப்பது என்ன என்பதை ஒளிக்காமல் எழுதவைப்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். நண்பர் கூட்டமோ, தூக்கமோ, சண்டையை மறப்பதோ, எதற்காகக் குடிக்கிறோம் என்று தெரிந்தால்தான் அந்த இடத்தில் வேறு எதையாவது வைக்க முடியும்.

கடவுள் விஷயத்தில்தான் பலர் தயங்குகிறார்கள். ஏ.ஏ.வின் படிகளில் ‘உயர் சக்தி’ வருகிறது, பல குழுக்களில் பிரார்த்தனையும் உண்டு. நம்பிக்கையில்லாதவர்களுக்கென்றே நடக்கும் ஏ.ஏ. கூட்டங்களும் இருக்கின்றன. உறுப்பினராக அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: குடியை நிறுத்தும் ஆசை. ஆனாலும் அந்த மொழியே காதில் உறுத்தினால், ஸ்மார்ட் உங்களுக்குப் பொருந்தும். ஆண்கள் நடுவே பேசத் தயங்கும் பெண்களுக்கு 1975-இல் தொடங்கிய விமன் ஃபார் சோப்ரைட்டி என்ற பெண்கள் குழு இருக்கிறது.

எது பலன் தருகிறது? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரன் அமைப்பின் 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் அதிகமானவர்களின் தரவுகளை அலசியது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், ஏ.ஏ.வுக்குச் செல்ல வழிகாட்டும் முறையான சிகிச்சைகள் மற்ற சிகிச்சைகளைவிட முன்னால் நின்றன. ஆனால் அது குழுவோடு குழுவை ஒப்பிட்டது அல்ல. அப்படி ஒப்பிட்ட 2018-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு ஒன்றில், முற்றாக நிறுத்தும் நோக்கமும் ஈடுபாடும் ஒரே அளவில் இருந்தவர்களுக்கு, எந்தக் குழு என்பதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஆரம்ப மாதங்களுக்கு நான் ஏ.ஏ. பக்கம்தான் சாய்வேன். பெரும்பாலான இடங்களில் அதன் கூட்டங்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். கூட்டம் இல்லாத இரவில் கூப்பிடவும் ஆள் இருக்கும். ஸ்மார்ட்டின் நேரடிக் கூட்டம் உங்களுக்கு அருகில் கிடைக்காமல் போகலாம், ஆனால் ஆன்லைனில் உண்டு. இரண்டுக்கும் போகக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

கூட்டத்தைத் தேட ஏ.ஏ.வின் மீட்டிங் கைடு செயலியோ, அந்தந்தப் பகுதி அலுவலகத்தின் பட்டியலோ உதவும். பட்டியலில் ‘திறந்த கூட்டம்’ என்றிருந்தால் யாரும் வரலாம். ‘மூடிய கூட்டம்’ குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். இடமும் நேரமும் மாறியிருக்கலாம், அதனால் கிளம்பும் முன் ஒரு போன் போட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு ஏ.ஏ. குழுவும் தன்னாட்சியாக இயங்குவதால் குழுவுக்குக் குழு சூழல் ரொம்பவே மாறும். முதல் இடம் ஒட்டவில்லையென்றால் வேறு இரண்டு மூன்று குழுக்களைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வீட்டில் இருப்பவர்கள் குடிப்பவரைத் திறந்த கூட்டத்துக்கு அழைத்துப் போகலாம். ஆனால் அவர்களுக்கென்றே 1951 முதல் அல்-அனான் என்ற ஆதரவுக் குழு இருக்கிறது. அங்கே அவரை எப்படித் திருத்துவது என்பது பேச்சில்லை, அவரோடு வாழ்பவரின் மனநலம்தான் பேச்சு. அவர் இன்னும் குடித்துக்கொண்டிருந்தாலும், எந்தக் கூட்டத்துக்கும் வர மறுத்தாலும், இவர்கள் போகலாம்.